இரவல் கத்திகள்

"கத்தி கீதா பாயம்மா? கொஞ்சம் குடு. என்து மொக்கயா பூட்ச்சி" என்று பக்கத்துக் குடிசை ஹாஜிரா பீயிடம் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, முத்தம்மா அடுத்த வாசலுக்கு நகர்கிறாள். குழாயடியில் இரண்டு ஆண்குரல்கள் உயர்ந்தால் போதும், மீன்கூடையை இடுக்கிக்கொண்டு இரவல் கேட்கக் கிளம்பிவிடுவாள். காய் நறுக்கும் கத்தி, தேங்காய் வெட்டும் கொடுவாள், எதையும் விடமாட்டாள். எல்லாம் சேர்ந்ததும் கூடையைத் தன் குடிசைக்குள் தள்ளிவிட்டு, வாசலை அடைத்து உட்கார்ந்து வெற்றிலை போடத் தொடங்குவாள்.

மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்கிறவளின் கத்தி மொக்கையாவதாவது! அது பச்சைப் பொய் என்று மயிலாப்பூர்க் கால்வாய்க்கரை முழுவதற்கும் தெரியும். தெரிந்தும் கொடுக்கிறார்கள். "கையில கீதுன்னா தூக்கித்தான் ஆவணும், இல்லாங்காட்டி நாலு பேரு சிரிப்பான். ஊட்ல இல்லன்னு வெய்யி, ரெண்டு கெட்ட வார்த்த பேசிட்டுப் பூடுவான்" என்பாள் முத்தம்மா. சண்டை ஓய்ந்ததும் கத்திகள் வீடு திரும்பும், வாடகையாகக் கொஞ்சம் நெத்திலியோடு. எது யாருடையது என்பதில்தான் அவளுக்கு எப்போதும் குழப்பம். அதற்கென்று பெண்களுக்குள் தனியாக ஒரு சண்டை நடக்கும்.

இந்தப் புத்தி அவளுக்குச் சும்மா வரவில்லை. கணவன் வெள்ளைத்துரை நல்லவன், ரோஷக்காரன். மூட்டை தூக்கும் வேலை போய் வீட்டிலிருந்தபோது, பெண்டாட்டி சம்பாத்தியத்தில் தின்கிறவன் என்று ஒருவன் சொல்லிவிட்டான். அவள் கழுவி வைத்திருந்த மீன் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. வெள்ளைத்துரை ஜெயிலிலேயே செத்தான். "அன்னிக்கு அத்த நானு எட்ட வெச்சிருந்தா..." என்று ஆரம்பிப்பாள். முடிக்கமாட்டாள்.

இந்தக் கோடையில் தண்ணீர் லாரி வருவதே அபூர்வம். சென்ற வாரம் வந்த ஒரே லாரியும் பாதி வரிசையிலேயே காலியாகிவிட, கடைசிக் குடத்துக்காக நடந்த இழுபறியில் எதிர்க் குடிசை வைரவன் முத்தம்மாவின் மகன் கனகராஜின் மண்டையை உடைத்துவிட்டான். கனகராஜுக்கும் வேலை கிடையாது. தலையில் கட்டோடு வந்து உட்கார்ந்தான். பார்வை அம்மாவின் மீன் கத்தி மேல் இருந்தது. முத்தம்மா அதைக் கண்டும் எழவில்லை. போய் வெட்டட்டுமே என்று அவளுக்கே தோன்றிவிட்டது. பாவம், பெற்ற வயிறு.

அப்போதுதான் ஹாஜிரா பீ வாசலில் வந்து நின்றாள். "யக்கா, மீன் அரியணும். உன் கத்திய குடேன். என்து மொக்கயா பூட்ச்சி."

அன்று கரையில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பிடித்த தண்ணீர் குடிக்கவே காணாது; மீனைக் கழுவ யாரிடமும் இல்லை. முத்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா மீனு?"

"வஞ்சரம்" என்றாள் ஹாஜிரா பீ, கண் இமைக்காமல்.

முத்தம்மா மெல்ல எழுந்து கத்தியை எடுத்துக் கொடுத்தாள். ஹாஜிரா பீ திரும்பியதும், "இரு" என்று நிறுத்தி, கூரை ஓலைக்குள் கைவிட்டு, மகன் செருகி வைத்திருந்த இன்னொன்றையும் உருவினாள்.

"பெரிய மீனாச்சே, ஒண்ணு போறாது."

அதையும் அவள் கையில் வைத்துவிட்டு, மகனுக்குக் குறுக்கே வாசலை அடைத்து உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினாள்.