கதவிடுக்கில் ஈரத் துவாய்

முதலில் நின்றது வேர்வை. அடுப்பில் தாச்சிக்கு (வாணலிக்கு) முன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக நின்றதில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. திடீரென்று தோல் காய்ந்துவிட்டது. அப்பாடா, உடம்பு ஒருவழியாக வெக்கைக்குப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரத்தில் என் உடம்பு தன் வேலையைக் கைவிட்டுக்கொண்டிருந்தது என்பது டொக்டர் சொல்லித்தான் பிறகு தெரியும்.

அது மே மாத நடுப்பகுதி. வாசலில் பனிச் சப்பாத்துகளை இன்னும் எடுத்து வைக்கவில்லை. ரொறொன்ரோவில் மே என்றால் காலையில் ஜாக்கெற் போட்டு மத்தியானம் கழற்றுகிற மாதம். அந்தக் கிழமை மட்டும் ஜூலையில் வரவேண்டிய வெக்கை முந்திக்கொண்டு வந்துவிட்டது. நாங்கள் இருப்பது சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில், மேற்குப் பக்கம். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேரே ஹோலுக்குள் வந்துவிடும். அது போதாதென்று சுவரோரத்தில் ஹீற்றரும் ஓடிக்கொண்டிருந்தது. ஓம், ஹீற்றர்தான்.

எங்கள் கட்டடத்தில் வீட்டைச் சூடாக்கும் குளிர்காலத்துச் சுடுதண்ணீருக்கும் வீட்டைக் குளிர்விக்கும் கோடைக் குளிர்தண்ணீருக்கும் ஒரே குழாய். மாற்றுவதற்கு மனேஜ்மென்ட் ஒரு திகதி வைத்திருக்கிறது. எங்கள் வீட்டு ஹீற்றரை நிறுத்துகிற திருகு இறுகி வருடக்கணக்கு. முதல் நாள் என் கணவர் கீழே போய் சூப்பரிடம் (கட்டடத்தைப் பராமரிப்பவர்) முறையிட்டார். திகதி இன்னும் வரவில்லை, உங்கள் ஆட்களுக்கு வெக்கை பிடிக்கும்தானே என்று அவர் சிரித்தாராம். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு மேலே வந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு நான் கறித்தூளுக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், எனக்கும் மகளுக்குமாக ஆறு மாதத்துக்கு. மகள் நகரின் கிழக்கே மல்வேர்னில் இருக்கிறாள். தன் வீட்டுக் கராஜில் வைத்து வறுக்கச் சொல்லுவாள். என் அடுப்பை விட்டால் எனக்குக் கைப்பக்குவம் வராது, அதனால் போவதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் கதவின் கீழால் மனேஜ்மென்டின் லெற்றர் ஒன்று வந்தது. சமையல் மணம் பொதுவழிக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. அந்த மாடியில் வேறு எவருக்கும் அப்படி ஒன்று வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அன்று தொடக்கம் வெங்காயம் தாளிப்பதென்றாலும் ஒரு துவாயை நனைத்து, முறுக்கி, வாசல் கதவின் அடியில் இறுக்கி வைப்பேன். பல்கனிக் கதவையும் சாத்துவேன். அதைத் திறந்தால் காற்று மணத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கொரிடோரில் விட்டுவிடும். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு துவாய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆக, வெளியே வெயில், உள்ளே ஹீற்றர், அடுப்பில் மிளகாய், எல்லாக் கதவும் பூட்டு. நான் காலையில் பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் (உடம்பில் மிஞ்சும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) போட்டவள். தலை இடித்தது. மிளகாய் நெடி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது என் கணவர் சொன்னது. நான் ஹோலுக்கு வந்து அவரைப் பார்த்து, "மூண்டரையாகுது, பிள்ளையை ஸ்கூலாலை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேனாம். பிள்ளைக்கு முப்பத்துநாலு வயது.

"என்ன, பகிடி விடுறீரோ?" என்று கேட்டிருக்கிறார். நான் திரும்பவும் அதையே சொல்லிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். நெற்றியைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். உடனே அம்புலன்சுக்குப் போன் அடித்தார். வாசலைத் திறக்கப் போனவரை நான் மறித்திருக்கிறேன்.

"துவாயை எடுக்காதேங்கோ, மணம் போகும்."

அறிவு தப்புகிற நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது அதுதான். இவரோ நான் சொன்னதைத் தட்டாதவர். பூட்டை மட்டும் திறந்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்துவிட்டார். அம்புலன்ஸ்காரர் வந்து தள்ளியபோது கதவு துவாயில் சிக்கிப் பாதியில் நின்றுவிட்டது. தோளால் இடித்துத்தான் உள்ளே வந்தார்களாம்.

அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பொதி, மேலே ஈரச் சீலை, கையில் சேலைன். எமர்ஜென்சியில் கண் விழித்தபோது இதுதான் என் கோலம். விபரம் பதிந்த பெண் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டாள். யாழ்ப்பாணம், இலங்கை என்று இவர் சொன்னார். "அங்கே இதைவிட வெக்கைதானே, பழகியிருக்குமே" என்றாள் அவளும். கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேர் இதையே சொல்லுவார்கள்? அடுத்த நாள் போன் எடுத்த எங்கள் சனமே, "யாழ்ப்பாணத்து வெயில் கண்ட எங்களுக்கு உது ஒரு வெக்கையே?" என்றது. போனை வைத்துவிட்டேன்.

டொக்டர் ஓர் இளம் பெண். கட்டில் ஓரத்தில் இருந்து ஆறுதலாகப் பேசினாள். எனக்கு வந்தது வெப்பத்தாக்கு (உடம்பு தன் சூட்டைத் தானே தணிக்க முடியாமல் போகும் நிலை).

"நீங்கள் கனடாவுக்கு வந்து எத்தனை வருடம்?"

"முப்பத்தொன்று."

"அப்படியென்றால் இது கனடா உடம்பு. எங்கே பிறந்தீர்கள் என்பது இதற்குத் தெரியாது."

வெக்கைக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமை வேண்டும், வெக்கை போனால் சில கிழமைகளில் அது மறந்தும்விடும் என்றாள். ஒவ்வொரு குளிர்காலமும் உடம்பு எல்லாவற்றையும் மறக்கிறது. அதனால்தான் வருடத்தின் முதல் வெக்கை இத்தனை பொல்லாதது. முப்பத்தொரு வருடத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பயப்படுத்தியது சிறுநீரகம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு) ஏறிக்கொண்டிருந்தது. இறங்காவிட்டால் டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்தல்) என்றாள். இரண்டு நாள், குழாய் போட்டுக் கட்டிலில் தொங்கவிட்ட பையில் மூத்திரம் கொஞ்சமாக, தேயிலைச் சாயம்போலத்தான் விழுந்தது. மகள் அழுதுகொண்டே திட்டினாள்.

"ஐ கான்ட், அம்மா. ஹூ கெயர்ஸ் எபௌட் த ஸ்மெல்? நீங்க செத்திருப்பீங்க."

"எனக்கு ஒண்டுமில்லை, நீ சாப்பிட்டியோ?" என்றேன். உண்மையில் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. என் சாப்பாட்டு மணத்துக்கு வெட்கப்பட்டுத்தான் இந்தக் கட்டிலில் கிடக்கிறேன் என்று அந்த இரண்டு நாளும் யோசித்தேன். பிறகு வெட்கம் கோபமாக மாறியது. அந்தக் கோபத்தை நான் இன்னும் விடவில்லை.

மூன்றாம் நாள் மூத்திரம் தாராளமாக இறங்கியது; டயாலிசிஸ் தேவைப்படவில்லை. தாதி பையைத் தூக்கிக் காட்டினாள். இவர் அதைப் பார்த்து அழுதார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் இவர் அழுது நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோதும் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் மனேஜ்மென்டுக்கு எழுதினாள். அட்டவணைப்படி மாற்றப்படும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. மணத்துக்கு ஒரு முழுப் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். குளிர்தண்ணீர் வருமட்டும் நாங்கள் மல்வேர்னில் இருந்தோம்.

இப்போது என் உடம்பு பழைய உடம்பு இல்லை. கொஞ்சம் சூடு பட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் சோர்கிறது. காலையில் எழும்பியதும் மூத்திரத்தின் நிறத்தைப் பார்க்கிறேன். வேர்வை வந்தால் நிம்மதி, நின்றால் பயம். உங்களுக்கும் நீர் மாத்திரை இருந்தால், வெக்கை நாட்களில் என்ன செய்வது என்று குளிர்காலத்திலேயே டொக்டரிடம் கேட்டு வையுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம். வெக்கைக்குள் யாராவது சம்பந்தமில்லாமல் கதைத்தால் பகிடி என்று நினைக்கவேண்டாம். உடனே அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

என் வருடம் இப்போது மாதக் கணக்கில் ஓடுவதில்லை, வெக்கைக் கணக்கில்தான் ஓடுகிறது. பனி உருகியதும் என் உடம்பு எல்லாம் மறந்துபோய், ஒன்றும் தெரியாத உடம்பாக நிற்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வெக்கைக்கு எந்தத் திகதியும் கிடையாது.

இந்த வருடமும் முதல் வெக்கை நேரத்தோடு வந்தது. மீன் குழம்புக்கு வெங்காயம் வெட்டினேன். இவர் பழக்கதோஷத்தில் துவாயை நனைத்து, முறுக்கி, கதவடியில் குனிந்தார்.

"இஞ்சை கொண்டுவாங்கோ அதை."

கொண்டுவந்து தந்தார். முறுக்கைப் பிரித்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீர் முதுகால் இறங்கியது. பல்கனிக் கதவைத் திறந்தேன், வாசல் கதவையும் திறந்து, அது சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு பனிச் சப்பாத்தை முட்டுக்கொடுத்தேன். எண்ணெயில் வெந்தயம் வெடித்தது. கொரிடோரில் யாரோ இருமிக்கொண்டு போனார்கள்.

இருமட்டும். எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.