போக்னா படிக்காத கவிதை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது நானே என் காதால் கேட்டது.

லுப்ளின் நகரில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். கவிஞர்கள் வந்து, தங்கள் கவிதையைத் தாங்களே படித்துப் பதிவு செய்துகொள்வார்கள். முன்பெல்லாம் அதை நடிகர்கள்தான் படிப்பார்கள். என் சிநேகிதி போக்னாவுக்கு அது ஆகவே ஆகாது.

"என் கவிதைய அவனுங்க படிச்சா எழவு வீட்டு ஒப்பாரியா இருக்குடி தெக்லா. நான் மூச்சு விடுற இடத்துலதான் என் வரி முடியும்" என்பாள்.

அந்த மூச்சுக்கே ஆபத்து வந்தது. தொண்டையில் புற்றுநோய். மறுநாள் காலை குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அதற்குள் அவள் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டுமென்று இருவரும் தவித்தோம்.

நவம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. எல்லாக் கவிதைகளையும் படித்து முடித்தாள். கரகரப்புதான், ஆனாலும் அவள் குரல். கடைசியில், வழக்கம்போல, அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். இருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் கருவியின் முள் ஆடியது.

"ஏதாச்சும் முணுமுணுத்தியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

போட்டுக் கேட்டோம்.

போக்னாவின் குரல். கரகரப்பே இல்லை. ஏதோ கவிதை படிக்கிறது...

"இது... நான் எழுதினதில்லடி."

பாதி வரி. சட்டென்று ஓர் ஆண்குரல்.

"போக்னா?"

பிறகு ஒன்றுமில்லை.

"செஸாரி" என்றாள். அவள் கணவர். "அவரு வீட்டுல இருக்காரு..."

அந்த ஒரு நிமிடத்தை அழித்தேன். மறுபடி போட்டேன்.

இருந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. குரல் போயிற்று. எழுதுவதையும் அவள் விட்டுவிட்டாள். வாயால் படிக்க முடியாததை எழுதி என்ன செய்வது என்று நினைத்தாளோ, அந்தப் பாதி வரிக்குப் பயந்தாளோ, தெரியாது. நான் கேட்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச்சில் போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் செஸாரி என்னைத் தனியே இழுத்துப்போனார்.

"வெளிய சொன்னா பைத்தியம்பாங்க தெக்லா. அடுப்படியில பீட்ரூட் சூப் கிண்டிட்டிருந்தேன். அவ தூங்குறான்னு நெனச்சேன். திடீர்னு உள்ள கவிதை படிக்கிறா... பழைய குரல்ல. தொண்டையில ஓட்டைய வச்சுக்கிட்டு எப்படிப் படிப்பா? 'போக்னா?'ன்னு கூப்பிட்டேன். பாதி வரியில நின்னுபோச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா..."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஜில்லுன்னு விறைச்சுக் கிடந்தா. டாக்டர் சொல்றாரு... உயிர் போயி ஆறு மணி நேரம் ஆச்சாம்."