உப்புப் பாத்தியில் புதைந்த ஜெட்

இது கட்டிவிட்ட கதையல்ல. புத்தளத்தில் உப்பளக் காவல்காரன் ஹுனைஸைக் கேட்டுப் பாருங்கள். இன்றும் முகம் வெளிறித்தான் சொல்வான்.

போன மாசி மாதம், பகல் பதினொன்றரை மணி. பணக்காரர்கள் வாடகைக்குப் பிடிக்கும் குட்டி ஜெட் ஒன்று உப்பளத்தை ஒட்டிய ஓடுபாதையில் தரையிறங்கியது. ஓடுபாதை முடிந்தும் நிற்கவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு உப்புப் பாத்திக்குள் பாய்ந்து, வயிறு புதைய நின்றது. உள்ளே இருந்தவர்கள் கீறல்கூட இல்லாமல் இறங்கினார்கள். ஊரே அல்ஹம்துலில்லாஹ் சொன்னது.

மாலையில் விமானத்தருகே நின்ற பொலிஸ்காரர் தேத்தண்ணி குடிக்கப் போனார். காவலுக்கு ஹுனைஸ் மட்டும். அவனுக்கு ஒரு நப்பாசை, அந்தத் தோல் கதிரையில் ஒருதரமாவது இருந்து பார்க்க வேண்டும். ஏறினான். ஆளில்லாத வீடானாலும் ஸலாம் சொல்லி நுழைந்தே பழகியவன். வாய் தானாகச் சொன்னது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்..."

பதில் காலடியில் இருந்து வந்தது.

ஹுனைஸ் துள்ளி விலகினான். கதவுப் பக்கம் திரும்பினான். அதற்குள் விமானம் சேற்றில் சரிந்தது. டமார்... படியாக விரிந்துகிடந்த கதவு மேலெழுந்து அடைத்துக்கொண்டது. பிடியைத் திருகினான், தோளால் இடித்தான். அசையவில்லை.

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது.

டொக்... டொக்... தரைக்கு அடியில்.

"எறங்குங்க மகன்... பாரம் தாங்க ஏலா."

"கதவு தொறக்குதில்ல," என்று அழுதான் ஹுனைஸ்.

கீழே மூச்சிரைக்கும் சத்தம்.

பிறகு அதுவும் இல்லை...

திடீரென்று தரை எழும்பியது. யாரோ அடியில் முதுகு கொடுத்து நெம்பியதுபோல், ஒரு சாண். கதவு திறந்து விழுந்தது. ஹுனைஸ் வெளியே பாய்ந்தான், திரும்பிப் பார்க்காமல் ஓடினான். பொலிஸ்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

மூன்றாம் நாள் கிரேன் வந்து விமானத்தைத் தூக்கியது. அடியில் உப்பு வாரும் அபூசாலி காக்கா கிடந்தார். கற்பிட்டிக்கு, மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் மனைவி ஜெமீலா இருந்திருக்கிறாள்.

ஹுனைஸ் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கே மண்வெட்டியோடு நாலு பேரைக் கூட்டி வந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பாரே என்று புலம்பினான். உடலைப் பார்த்த டொக்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க வந்தும் ஒண்டும் செய்திருக்க ஏலா தம்பி. பிளேன் அவருக்கு மேல ஏறின அந்த நிமிசமே உசிர் போயி மௌத்து. முதுகெலும்பு துண்டு துண்டா முறிஞ்சிருக்கு."