வயிறு நிறைந்து வந்த ஆடு

உப்பளத்தில் வேலை முடித்து வரும்போதெல்லாம் என் ஆடு வயிறு புடைக்க நிற்கும். யாரோ தீனி காட்டிப் பழக்கி ஓட்டிப்போகப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். கறிக்கடைக்காரரைக்கூட முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வேலைக்குப் போகாமல் அதன் பின்னாலேயே போனேன். பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்தது. கணவர் துபாயில் இருக்கும் அந்த வீட்டுப் பெண், அதன் வாயருகே டேப் ரெக்கார்டரைப் பிடித்திருந்தாள்.

"என் ஆட்ட என்னாம்மா பண்றீங்க?" என்று கத்தினேன்.

பதறிவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. அவருக்குப் பேசி கேசட் அனுப்புவேன். போன வாட்டி இது நடுவுல கத்திடுச்சு. அதக் கேட்டா ஊர்ல இருக்குற மாதிரியே இருக்குதுன்னு சொல்லிட்டாரு. அதான் தெனமும் தீனி போட்டு இத வரவழைக்கிறேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆடோ அன்று வாயே திறக்கவில்லை. நான்தான் "பா, பா" என்று கூப்பிட்டுக் கத்தவைத்தேன். அந்தக் கேசட்டில் என் குரலும் துபாய் போனது.