கீழ் வரிசையில் மூன்றாவது ஆள்

மணலை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் ராயப்பன் சிமெண்டில் கை வைக்கமாட்டார். வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். உப்புக் கரித்தால் துப்பிவிட்டு, "ஏலே, இது கடல் மணலு. இதுல சாமி செஞ்சா சாமிக்கே சொறி புடிக்கும்" என்பார். போர்ட் பிளேரில் நல்ல மணல் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெர்மிட் வாங்கிக் கப்பலில் ஏற்றி மெயின்லேண்டிலிருந்து கொண்டுவரவேண்டும். அது வரும்வரை கல் உடைக்கும் கிரஷரின் தூளைச் சலித்துச் சலித்து நாளை ஓட்டுவார்.

வயது ஐம்பத்தெட்டு. மணப்பாட்டிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பல் ஏறி வந்தவர். பேச்சில் பாதி இன்னும் அந்தக் கடற்கரை, மீதி தீவு இந்தி. ஜங்லிகாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சிமெண்ட் சிலை வார்க்கிறார். சர்ச் வாசல் கெபிக்கு மாதா வேண்டுமா, தெலுங்கர் கோயிலுக்கு நந்தி வேண்டுமா, லாட்ஜ் வாசலுக்கு டால்பின் வேண்டுமா, எல்லாம் அங்கேதான். கொட்டகை நிற்கும் இடம் மாலிக்குடையது. மாலிக் என்றால் முதலாளி. அந்தக் கான்ட்ராக்டரை வட்டாரமே அப்படித்தான் கூப்பிடுகிறது. இருபத்திரண்டு வருடமாக அவர் வாடகை என்று வாய் திறந்ததில்லை. "பெரிய மனசு வே அவருக்கு" என்று ராயப்பன் எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிவிடும்.

துபாய்க்குப் போய்வந்த வருடம் மாலிக்குக் கல்யாண மண்டபம் கட்டும் ஆசை வந்தது. சாதாரண மண்டபம் போதாது. பழைய பாரசீக ராஜாக்களின் அரண்மனை மாதிரி இருக்கவேண்டும். அங்கே ஏதோ ஹோட்டலில் பார்த்தாராம். "உள்ள வர்றவன் வாயடைச்சுப் போகணும், ராயப்பன். போதும், அவ்வளவுதான்" என்றார். என்ஜினியர் நாற்பது படங்களை அச்செடுத்துக் கொடுத்தார். ராயப்பன் அவற்றைத் தகரச் சுவரில் ஒட்டி, மூன்று வாரம் வேறு வேலை தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் சரித்திரம் படித்தவரில்லை. ஆனால் ராஜாவின் தந்திரம் இன்னொரு ராஜாவுக்குத் தெரிகிறதோ இல்லையோ, கொத்தனுக்குத் தெரிந்துவிடும். கொட்டகைக்கு யார் வந்தாலும் படத்தின் அருகே இழுத்துக்கொண்டு போவார். "ராசா ஒக்காந்திருக்கான், பாத்தீரா? முன்னால ஒருத்தன் நிக்கான். ரெண்டு தலையும் ஒரே மட்டம். அப்ப ராசா எந்திரிச்சா? கூரை இடிக்கும் வே!" அடுத்த படத்தில் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ரொம்பத் தாழ்வு. "வாரவன் ஓடியும் வரக்கூடாது, மூச்சு வாங்கியும் வரக்கூடாது. கல்யாணத்துக்கு வார மாதிரி மெள்ள வரணும். கையில மட்டும் காணிக்கை இருக்கணும்." ராஜாவின் எதிரே வாய்க்கு நேராகக் கையை வைத்து நிற்கும் அதிகாரியின் படத்துக்கு மட்டும் விளக்கம் கிடையாது. "இது நமக்குத் தெரிஞ்சதுதானே" என்று நகர்ந்துவிடுவார்.

அந்த அரண்மனையில் தூண் உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு எருதுகள். அவற்றின் கழுத்துக்கு நடுவே உத்தரம் உட்கார்ந்திருக்கும். உலகத்தின் பாரத்தையே ராஜாவின் மாடுகள் சுமக்கின்றன என்று பார்ப்பவன் நினைக்கவேண்டும். மாலிக்கின் மண்டபத்திலோ கூரையைத் தாங்குவது இரும்பு. "நம்ம மாடு சும்மா ஒக்காந்திருக்கு. தூக்குத மாதிரி காட்டணும், அதான் அதுக்குக் காம், அதான் வேலை" என்று ராயப்பன் சிரிப்பார். சுவரில் வைக்க வார்த்த ராஜாவின் சுருட்டைத் தாடி படத்தில் உள்ளபடி. மூக்கு மட்டும் மாலிக்கின் மூக்கு. அதை மூன்று தடவை மாற்றி வைக்கச் சொன்னார்கள்.

போன ஜூலையில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு நாள், நான்காவது தூணில் எருது ஏற்றினார்கள். கம்பி கட்டியவன் பாலகுமார், நடு அந்தமான் ரங்கத்துக்காரன், முப்பத்துநான்கு வயது. இரண்டு வருடமாக ராயப்பனோடு அதே மண்டபத்தில் வேலை செய்தவன். எருதை உட்காரவைத்து அவன் கீழே இறங்கியும்விட்டான். ராயப்பன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கொம்பு ஒரு விரல் சாய்ந்திருந்தது. "பாலா, இன்னொரு வாட்டி ஏறி அந்தக் கம்பிய முறுக்கிட்டு வந்துரு" என்றார். சாரத்துப் பலகை நனைந்திருந்தது. பெல்ட் எதுவும் கிடையாது. இருபத்திரண்டு அடி. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது.

மண்டபத்து ரிஜிஸ்டரில் பாலகுமார் என்று யாருமே இல்லை. மூன்றாம் நாள் மாலிக்கே கொட்டகைக்கு வந்தார். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து டீ குடித்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "தகரமெல்லாம் துரு புடிச்சிருக்கு, ராயப்பன். புதுசு போட்டுடலாமா, இல்ல மொத்தமா எடுத்துடலாமா?" என்று கேட்டார். பிறகு ஓர் ஆங்கிலக் காகிதத்தை நீட்டினார். அன்று மண்டபத்தில் வேலையே நடக்கவில்லை, இந்த ஆளை நான் பார்த்ததில்லை என்று அதில் இருப்பதாகப் படித்துக் காட்டினார். ராயப்பன் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் புதுத் தகரம் வந்து இறங்கியது.

அதற்குப் பிறகுதான் அந்த ராஜாவுக்குக் கீழே வரும் சிம்மாசனப் பலகையைச் செய்தார். பாரசீக ராஜா உட்கார்ந்திருக்கும் ஆசனத்தை அவன் ஜெயித்த நாட்டுக்காரர்கள் வரிசை வரிசையாக நின்று தலைக்கு மேலே கையை உயர்த்தித் தூக்குவார்கள். மூலத்தில் நிறையப் பேர். மாலிக்கின் சுவருக்குப் பதினான்கு பேர்தான் கொண்டது. "தொப்பிதான் வே வேற வேற. தூக்குதது எல்லாவனுந்தான்" என்று சொல்லிக்கொண்டே, ராயப்பன் அந்தப் பதினான்கு உடம்புக்கும் மண்டபத்து ஆட்களின் முகத்தையே வைத்தார். டைல்ஸ் ஒட்டிய பெங்காலி, தெலுங்குத் தச்சர், மண் சுமந்த ராஞ்சிக்காரர், எல்லோரும் நிற்கிறார்கள். கீழ் வரிசையில் மூன்றாவது ஆள் பாலகுமார். புடைத்த காது, இடது புருவத்தில் பழைய வெட்டு, அப்படியே அவன்தான். டிசம்பரில் திறப்பு விழா. வந்தவர்கள் அந்தச் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள். மாலிக் தன் மூக்கைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

காகிதத்தில் இல்லையென்று சொன்னவனைச் சிமெண்டில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டதாக ராயப்பனுக்கு ஒரு நிம்மதி. எவ்வளவு மலிவான நிம்மதி! ஆனாலும் அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார்.

ஜனவரியில் உமா மகேஸ்வரி வந்தாள், பாலகுமாரின் மனைவி. ரங்கத்தில் விடியும் முன்னே பஸ் ஏறி, காட்டு வழியில் வண்டிகளைக் கூட்டமாக விடும் கான்வாய்க்குக் காத்துக் கிடந்து, கசங்கிப்போய் ஜங்லிகாட்டில் வந்து இறங்கினாள். கையில் பிளாஸ்டிக் கவர். "அண்ணே, நஷ்டஈட்டுக்கு லேபர் ஆபீஸ்ல சாட்சி கேக்குறாங்க. கூட வேலை பாத்த ஒரே ஒருத்தர் சொன்னா போதுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலேன்னா கேஸை மூடிடுவாங்களாம். மத்தவங்க எல்லாம் பயப்படுறாங்க. நீங்கதான் அவரு பக்கத்துலயே இருந்தீங்களாமே."

ராயப்பன் அவளைப் பேசி முடிக்கவிடவில்லை. "வாம்மா, ஒண்ணு காட்டுதேன்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டார். பகல் நேரம், மண்டபம் காலியாக இருந்தது. வாட்ச்மேன் தெரிந்தவன். தாழ்வான படிகளில் அவளை மெதுவாக ஏற்றிக் கூட்டிப்போய், சிம்மாசனச் சுவரின் முன்னே நிறுத்தினார். விரலை நீட்டிக் காட்டினார். அவள் அழுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள் என்றெல்லாம் வழியிலேயே நினைத்து வைத்திருந்தார்.

உமா மகேஸ்வரி குனிந்து புருவத்து வெட்டைத் தொட்டாள். பிறகு அந்த உயர்ந்த கைகளைப் பார்த்தாள். அவற்றின் மேல் நின்ற இன்னொரு வரிசையைப் பார்த்தாள். அதற்கும் மேலே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"செத்தும் இவரைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கணுமா, அண்ணே?" என்றாள்.

அவள் கவரிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். "தமிழ்லதான் எழுதியிருக்கேன். இங்க வேலை பாத்தாரு, இங்கதான் விழுந்தாருன்னு ரெண்டே வரி. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் காகிதத்தை வாங்கினார். கையை முழுக்க நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலியேம்மா" என்றார். சொல்லிக்கொண்டே, சட்டைப் பையின் விளிம்பில் எட்டிப் பார்த்த கண்ணாடியை ஒற்றை விரலால் உள்ளே அழுத்தினார்.