துள்ளிய விளாம்பழம்

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஜூஸ் கடைக்கு, உச்சி வெயிலில் அந்த அம்மா வந்தார். பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. சாறித் தலைப்பில் ஒரு விளாம்பழம்.

"மகள் வாட்டிலை கிடக்கிறாள் தம்பி. தொண்டையிலை ஒண்டும் இறங்குதில்லை. வீட்டு மரத்துப் பழம் எண்டால் குடிக்கிறன் எண்டவள். அடிச்சுத் தாங்கோ."

விளாம்பழத்தை நிலத்தில் போட்டுப் பார்ப்போம். பழுத்தது போட்ட இடத்திலேயே கிடக்கும், காய் துள்ளும். நான் போட்டேன். துள்ளியது.

"காய் அம்மா. பழுக்க இன்னும் நாள் கிடக்கு."

"அவளுக்கு நாளில்லைத் தம்பி."

அவரே எடுத்துப் போட்டார். திரும்பவும் துள்ளியது. அடுத்த தரம் குந்தியிருந்து, நிலத்தோடு கையை வைத்து மெல்ல விட்டார். அது அசையாமல் கிடந்தது.

"பாருங்கோ, பழம்தான்."

உடைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டு அடித்தேன். போத்தலில் ஊற்ற முன் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"நல்ல இனிப்பு" என்றுவிட்டுப் போத்தலோடு ஓடினார்.

பிளெண்டரில் மிஞ்சியதை நக்கிப் பார்த்தேன். துவர்ப்பில் நாக்கு இழுத்துக்கொண்டது.

குடித்துவிட்டு மகளும் இனிப்பு என்றுதான் சொல்லியிருப்பாள்.