சுடாத கால்

நெருப்பு வீரப்பனைச் சுடவில்லை. அதற்குக் காரணம் சர்க்கரை நோய். ஊர் சொன்ன காரணம் திரௌபதி அம்மன்.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒரு சிற்றூரில் கரும்பு டிராக்டர் ஓட்டியவன் அவன். நாற்பது வயதுக்கு முன்பே சர்க்கரை வந்துவிட்டது. அது காரில் போகிறவர்களுக்கு வரும் வியாதி என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு முதலில் அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது. மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு, ஆலை வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும்போதெல்லாம் டீ, இரவில் பிராந்தி. இதற்கு ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், குளிரூட்டிய அறையில் கூடிய அறிஞர்கள். கிடைத்ததைத் தின்று பிழைக்கிறவனுக்கு முறை ஏது? இந்த நாட்டில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் இப்படி ஒட்டாத, தொற்றாத நோய்களால்தான் சாகிறார்கள். ஊருக்குள் அதற்குப் பெயர் விதி.

சில ஆண்டுகளில் அவன் பாதங்கள் மரத்துப்போயின. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. ஒருமுறை குதிகாலில் ஆணி ஏறியிருந்தது. வாசலில் ரத்தத்தைப் பார்த்த மனைவி காசம்மாள்தான் சொன்னாள். துணைச் சுகாதார நிலைய நர்ஸ் ரோஸ்லின், வெறுங்காலில் நடக்கவே கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த வருஷமே அவன் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டினால் செருப்பு கிடையாது. மாத்திரையும் விரதத்துக்கு ஆகாது என்று அவனே சேர்த்துக்கொண்டான்.

மற்றவர்கள் தீக்குழியை ஓடிக் கடந்தார்கள். வீரப்பன் நடந்தான். நடுவில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கூட்டம் குலவையிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் ராஜ்மோகன் ஓடிவந்து அவன் காலில் விழுந்தார். இவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். நரம்பு என்று ஒன்று உண்டு, சூட்டை அதுதான் மூளைக்குச் சொல்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவர். அவர்தான் மைக்கைப் பிடித்து, அம்மனே இந்தக் காலில் இறங்கியிருக்கிறாள் என்று அறிவித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் தீயில் முதலில் இறங்குவது வீரப்பன். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை. அதுவரை ‘வாங்க’ என்று யாரும் அழைத்திராத மனிதன். உழைத்துத் தேய்ந்த உடம்பில் செத்துப்போன ஓர் உறுப்புக்குத்தான் இந்த ஊர் மரியாதை கொடுத்தது.

நான்காம் ஆண்டு, தீமிதி முடிந்து சில நாட்களில் வீட்டில் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று காசம்மாள் பரண் வரை தேடினாள். கடைசியில் நாற்றம் புருஷன் உள்ளங்காலிலிருந்து வந்தது. புண் எலும்பு வரை போயிருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் நிற்கும். எடுக்காவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும். காசம்மாள் சம்மதித்துவிட்டாள். வீரப்பன் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

மறுநாள் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக வந்து சேர்ந்தார் ராஜ்மோகன். அம்மன் இறங்கிய காலில் கத்தி படக்கூடாதாம். ஊருக்கே ஆகாதாம். வீட்டுக்கு அழைத்துப்போய் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினால் ஒரு மண்டலத்தில் ஆறிவிடுமாம். காசம்மாள் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ஏன் சார், இத்தினி வருசமா தலைவரா கீறீங்களே. நீங்க ஏன் ஒரு தபா கூட எறங்கல?”

“எனக்கு சுகர்மா. வெறுங்கால்ல நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அவர் கூசவில்லை. தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. காசம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கினியா? காதுல வுழுந்துதா ஒனக்கு?”

விழுந்தது. வீரப்பன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, குங்குமத்துக்குக் கையை நீட்டினான்.

“கால் பூட்டா நான் யாருடி?” என்று அவளைக் கேட்டான்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சள் அரைத்துக் கட்டினார்கள். கமிட்டி முறைவைத்து வந்து பார்த்தது. காய்ச்சல் ஏறிப் பிதற்றியபோது அருள் வந்திருக்கிறது என்று கற்பூரம் ஏற்றியது. மண்டலம் முடியவில்லை, அவன் முடிந்துபோனான்.

சாவு வீட்டில் ராஜ்மோகன் கோயில் மாலையோடு வந்தார். அம்மன் தன் பிள்ளையைத் தன்னிடமே எடுத்துக்கொண்டாள் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். காசம்மாள் மாலையை அவர் கையிலேயே தடுத்து நிறுத்தினாள்.

“அம்மன் எடுக்கல. சீழு எடுத்துது. நீங்க எடுத்தீங்க.”

அந்த வார்த்தைக்காகக் கமிட்டிக்காரர்கள் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. பெரிய நஷ்டம்தான்.